காலி ஆணிகள்

அத்தியாயம் 11

“அக்கா, கொலைகாரியப் பிடிக்கப் போறோம், சரி. அதுக்காவ பங்காரப்பேட்டை வரைக்கும் நின்னுக்கினே போவணும்னு எந்தச் சட்டத்துல கீது?”

ஊரிகம் ஸ்டேஷனில் பெங்களூர் ரயில் இன்னும் முழுசாக நிற்கக்கூட இல்லை. கிளாரன்ஸ் அதற்குள் தன் கைக்குட்டையை ஜன்னல் வழியாக உள்ளே எறிந்து ஒரு சீட்டுக்குப் பட்டா போட்டுவிட்டான். நளினி சிரிக்கவில்லை. ஆடி மாதத்தில் அப்பாவை மண்ணில் வைத்துவிட்டு வந்த நாளிலிருந்து அவள் எதற்கும் சிரிப்பதில்லை.

ராபர்ட்சன்பேட்டையில் ஒரு பிரியாணிக் கடைக்கு மேலே நளினியின் துப்பறியும் ஆபீஸ். மாப்பிள்ளை பெங்களூரில் நிஜமாகவே வேலை பார்க்கிறானா, அடகு வைத்த செயின் யார் கழுத்தில் தொங்குகிறது, இந்த மாதிரிக் கேஸ்கள்தான் வரும். கிளாரன்ஸ் அவளுடைய உதவியாளன். முன்பு ஆட்டோ ஓட்டினான், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுவான், மற்ற நேரம் பேசுவான். சம்பளம் என்னவோ துப்பறிவதற்குத்தான்.

இந்த முறை கட்சிக்காரர் யாரும் இல்லை. கேஸ் நளினியுடையது.

அவள் அப்பா பெருமாள் ஆயுசில் பாதியைத் தங்கச் சுரங்கத்துக்குள் கழித்தவர். சுரங்கம் மூடிப் பல வருஷம் ஆகியும் அதன் தூசி மட்டும் அவர் நுரையீரலை விட்டுப் போகவில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு ஆக்ஸிஜன் மெஷினை இலவசமாக வீட்டுக்கே கொடுத்து உதவ ஒரு டிரஸ்ட் வந்தது. மெஷின் கொஞ்சம், கேட்டவர்கள் நிறைய. முதலில் பதிந்தவருக்கு முதலில், அவ்வளவுதான் விதி. பெருமாள் இரண்டாவதாகப் பதிந்தவர். ஒரு நாள் போனில் பார்த்தால் அவர் பெயர் கடைசியில் கிடந்தது. அடுத்து வந்த மெஷின் வேறு யார் வீட்டுக்கோ போனது. பெருமாள் மூச்சைத் தேடித் தேடியே போய்ச் சேர்ந்தார்.

“கம்ப்யூட்டர் தப்புக்கா” என்று டிரஸ்ட் ஆபீஸ் மனோகர் சாவு வீட்டிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான். “மாரிகுப்பத்துல நிலான்னு ஒரு பொண்ணு. வரிசைய அதுதான் எழுதிக் குடுத்துச்சு. தெனம் காலையில பெங்களூர் ட்ரெயின்ல போவும். லேப்டாப் மேல நீலச் சக்கரம் ஒட்டியிருக்கும். போன் நம்பரும் எங்கிட்ட கீது, தரேன்.” பந்தல் போட்டதிலிருந்து பால் ஊற்றியது வரை கூடவே நின்றவன் மனோகர். அவன் சொன்ன அந்த ஒரு பெயரை நளினி இரண்டு மாதமாக வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தாள்.

நீலச் சக்கரம் மூன்றாவது பெட்டியில் அகப்பட்டது.

இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். மடியில் லேப்டாப், காதில் ஒன்றும் இல்லை, கண்ணுக்குக் கீழே கருப்பு. எதிர் சீட்டில் இருந்த பெரியவரைக் கிளாரன்ஸ் பாத்ரூம் பக்கம் காற்று நன்றாக வருகிறது என்று நம்பவைத்து எழுப்பினான். நளினி உட்கார்ந்தாள். கிளாரன்ஸின் சட்டைப் பையில் போன் ரெக்கார்ட் ஆகிக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணின் வாயாலேயே ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும், அப்புறம் அந்த வாயைக் கொண்டே அவளை ஊர் நடுவில் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் நளினி யோசிக்கவில்லை. யோசிக்கவும் விரும்பவில்லை.

“நிலாதானே நீ?”

“ஆமாங்க. நீங்க?”

“ஆக்ஸிஜன் மெஷினுக்கு வரிசை எழுதினது நீதானே?”

அந்தப் பெண்ணின் கை கீபோர்டில் அப்படியே நின்றது. குரலை அடையாளம் கண்டுகொண்டாள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

“அந்த வாய்ஸ் மெசேஜ் நீங்கதானா?”

“நாந்தான்.”

“‘உங்கப்பனுக்கு மூச்சு அடைக்கசொல்ல பக்கத்துலயே உக்காந்து பாப்பேன்’னு அனுப்பினீங்க.” நிலா குரலை உயர்த்தவில்லை. “எங்கப்பாவுக்கும் அதே நோவுதான். அந்த மெசேஜ அவரும் கேட்டாரு.”

வெட்கப்பட வேண்டிய இடம்தான். நளினிக்கு வெட்கம் வரவில்லை, அது உட்கார வேண்டிய இடத்தில் கோபம் காலை நீட்டிப் படுத்திருந்தது.

“எங்கப்பா கேக்கறதுக்கு இல்லியே” என்றாள்.

கோரமண்டல் ஸ்டேஷன் வந்தது. பையும் டிபன் கேரியருமாக ஒரு கூட்டம் ஏறி, இருந்த இடத்தையெல்லாம் அடைத்தது. நிலா லேப்டாப்பை மூடாமல் நளினி பக்கமாகத் திருப்பினாள்.

“தப்பு என்னோடதுன்னா நானே உங்க வூட்டு வாசல்ல வந்து நிக்கறேன். ரெண்டு மாசமா தூங்கல. எழுதினத தினம் பிரிச்சுப் பிரிச்சுப் பாக்கறேன். தப்பு கெடைக்கல. நீங்க டிடெக்டிவ்னு சொன்னாங்க. நீங்களே கண்டுபிடிங்க.”

“எங்களுக்கு கம்ப்யூட்டர் தெரியாதேம்மா” என்றான் கிளாரன்ஸ். “எனக்குத் தெரிஞ்ச டிக்‌ஷனரி ஒண்ணுதான். ஸ்கூல்ல சிஸ்டர் அத என் தலைமேல போடுவாங்க.”

“இதுவும் டிக்‌ஷனரிதான்.”

“அப்ப நான் தள்ளி உக்காந்துக்கறேன்.”

நிலாவின் உதடு சிரிக்கப் பார்த்தது, நளினியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டது. பிறகு சொல்ல ஆரம்பித்தாள். இந்த ரயிலிலேயே, இதே சீட்டிலேயே, போன வருஷத்து மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து எழுதியதாம்.

“ப்ரோகிராம்ல டிக்‌ஷனரின்னா, ஒரு சாவி குடுத்தா அதுக்கான தகவல எடுத்துத் தரும். இங்க சாவி மொபைல் நம்பர். நம்பரக் குடுத்தா பேரு, வயசு, வீடு எல்லாம் வரும். யாரு முதல்ல வந்தாங்க, யாரு அப்புறம் வந்தாங்கன்னு வரிசையும் அதுக்கு ஞாபகம் இருக்கும்.”

“அப்ப ரெடிமேடா இருக்கறத எடுக்கறது. நீ எதுக்குத் தனியா எழுதின?” நளினி விசாரணைக் குரலில் கேட்டாள்.

“அதுக்கு ஒரு கெட்ட புத்தி உண்டு. ஒரு பேர அழிச்சிட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு அதே பேரத் திரும்பப் போட்டா, புதுசா வந்த ஆளுன்னு நெனச்சு கடைசியில தள்ளிடும். ஆபீஸ்ல யாராவது கை தவறி அழிச்சிட்டா? பெருசு ஒண்ணு ஆஸ்பத்திரியில சேர்ந்துட்டு, மெஷின் இப்ப வேணாம்னு சொல்லிட்டு, திரும்பி வந்து கேட்டா? அவரு போயி கடைசியில நிக்கணுமா? அதான் பயந்து நானே ஒண்ணு கட்டினேன்.”

“எப்படிக் கட்டின?”

நிலா நளினியை நிமிர்ந்து பார்த்தாள். “நீங்க மைன்ஸ் வூட்டுப் பொண்ணுதானே. லேம்ப் ரூம் தெரியுமில்ல.”

நளினிக்குத் தெரியும். அவள் அப்பா இறங்கி வேலை பார்த்த சுரங்க ஷாஃப்ட்டில் விளக்கு கொடுக்கும் அறைச் சுவர் முழுக்க ஒரு பலகை. பலகை நிறைய ஆணி. ஒவ்வொரு ஆணிக்கு மேலும் ஒரு நம்பர், ஆணியில் அந்த ஆளுடைய பித்தளை டோக்கன். கேஜ் என்ற இரும்புக் கூண்டில் ஏறிக் கீழே போகும்போது டோக்கனைக் கையில் எடுத்துக்கொள்வார்கள், மேலே வந்ததும் அதே ஆணியில் மாட்டுவார்கள். ஷிஃப்ட் முடிந்தும் ஆணி காலியாக இருந்தால் ஆள் இன்னும் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். பூமி குமுறிப் பாறை வெடித்து உள்ளேயே போனவனின் ஆணியை அந்த ஷாஃப்ட்டில் யாருக்கும் கொடுக்க மாட்டார்கள். மேலே நம்பர் இருக்கும், கீழே ஒன்றும் இருக்காது. அதில் தெரியாமல் கைபட்டால்கூட பெரியவர்கள் திட்டுவார்கள்.

“அதேதான்” என்றாள் நிலா. “நான் வரிசைய ஆணியா செஞ்சேன். ஆள டோக்கனா செஞ்சேன். ரெண்டும் தனித்தனி. ஒவ்வொரு ஆணிக்கும் தனக்கு முன்னாடி எது, பின்னாடி எதுன்னு மட்டும் தெரியும். பேர அழிச்சா டோக்கன்தான் போவும். ஆணி அங்கயே காலியா நிக்கும். அதே நம்பர் திரும்பி வந்தா அதே ஆணி. வேற யாரும் அதுல மாட்ட முடியாது.”

“வாயில சொல்றது யாரும் சொல்லலாம்” என்றாள் நளினி. “காட்டு.”

நிலா காட்டினாள். பரிசோதனைக்கென்று வைத்திருந்த போலிப் பெயர்களின் வரிசை ஒன்று திரையில் வந்தது. நடுவில் இருந்த ஒரு பெயரை நளினியையே தேர்ந்தெடுக்கச் சொல்லி அழித்தாள். பெயர் மறைந்து, கீழே இருந்தவை மேலே வந்து ஒட்டிக்கொண்டன. அதே நம்பரைத் திரும்பப் போட்டாள். பெயர் ஓடிப்போய்த் தன் பழைய இடத்திலேயே நின்றது. நளினி இன்னொன்றை அழிக்கச் சொன்னாள். முதல் பெயரை, பிறகு கடைசிப் பெயரை, பிறகு மூன்றை ஒரே சமயத்தில். ஒவ்வொன்றும் வீட்டுக்கு வந்த மாடு மாதிரி தன் இடத்துக்கே போய் நின்றது.

நளினிக்கு எரிச்சலாக இருந்தது. குற்றவாளி கையில் இருக்கிறாள், குற்றம்தான் வழுக்கிக்கொண்டு போகிறது.

“அப்ப எங்கப்பா எப்படிக் கடைசிக்குப் போனாரு?”

“அதான் தெரியல.”

“உங்கப்பா வரிசையில எங்க கீறாரு?” கிளாரன்ஸ் சாதாரணமாகக் கேட்டான். அவனுடைய நல்ல கேள்விகள் எல்லாம் இப்படிச் சாதாரணமாகத்தான் வரும்.

“கடைசிக்குப் பக்கத்துல. நான் இத எழுதி முடிச்சப்புறம்தான் பதிஞ்சாரு.”

“எழுதினவ நீ. ஒரு தட்டு தட்டினா அவர முதல்ல கொண்டாந்திருக்கலாமே.”

“கொண்டாந்திருக்கலாம்” என்றாள் நிலா. “ராத்திரி ராத்திரி அவரு இருமசொல்ல நெனச்சிருக்கேன். செய்யல.”

நளினி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். தங்கம் பிரித்த பிறகு கொட்டிய சயனைட் மண்மேடுகள் பின்னால் போய்க்கொண்டிருந்தன. இரண்டு மாதமாக ஒரு முகத்தை வெறுத்துப் பழகிவிட்டு, அந்த முகம் எதிரில் உட்கார்ந்து இப்படிப் பேசினால் என்ன செய்வது என்று யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. வெறுப்பு போகவில்லை. அதற்குப் போக வேறு இடம் தெரியவில்லை. அப்போதுதான் அவளுக்குள் இருந்த துப்பறிகிறவள் மெல்ல எழுந்து உட்கார்ந்தாள்.

“நிலா, ரெண்டு மாசமா நீ எழுதினதையே பாத்துனு இருந்த. நிஜ வரிசையப் பாத்தியா?”

“பாத்தேன். எல்லாருக்கும் தெரியற மாதிரிதான் எனக்கும் தெரியும். உங்கப்பா கடைசியில.”

“ஆணியோட பாத்தியா? காலி ஆணியையும் சேத்து?”

நிலா திரையைத் தன் பக்கம் திருப்பினாள். “காலி ஆணி திரையில வராது. நான்தான் மறைச்சு வெச்சேன். பாக்கறவங்களுக்குக் குழப்பமா இருக்கும்னு.” சட்டென்று நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். “ஐயோ, தப்பு என் எழுத்துலன்னே நெனச்சுனு இருந்தேன்.”

“படிச்ச பொண்ணு. மொத பழிய நாமளே எடுத்துக்கணும்னு காலேஜ்ல சொல்லிக் குடுக்கறாங்க போல” என்றான் கிளாரன்ஸ்.

டிரஸ்டின் வரிசையைப் பார்ப்பதற்கு நிலாவுக்கு இன்னும் அனுமதி இருந்தது, தொடுவதற்கு இல்லை. ஆனால் நெட்வொர்க் அந்த இடத்தில் படுத்துவிட்டது. திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பெமல் நகர் ஸ்டேஷனில் கூட்டம் இன்னும் நெருக்கியது. கிளாரன்ஸ் போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்தான், சிக்னலுக்குச் சோறு காட்டுகிறவன் போல. கடைசியில், மறைத்து வைத்த ஆணிகளோடு வரிசை வந்தது.

முதல் ஆணியில் தங்கம்மா என்று பெயர் இருந்தது. முதல் மெஷின் போன வீடு அது. அதற்குக் கீழே வரிசையாக நான்கு ஆணி காலி. ஒவ்வொன்றின் மேலும் ஒரு மொபைல் நம்பர், பக்கத்தில் வெறுமை.

இரண்டாவது ஆணியின் நம்பரை நளினி படிக்க வேண்டியிருக்கவில்லை. அது அப்பாவின் பழைய நம்பர். பட்டன் போனில் அவர் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பேசியது. அவர் போன பிறகும் நளினி தன் போனில் அழிக்காமல் வைத்திருந்தாள். அது இங்கேயும் அழியாமல் இருந்தது. கண் கரித்தது. பல்லைக் கடித்து அடக்கினாள்.

“ஆனா கடைசியில அவரு பேரு கீதே” என்றாள்.

“கடைசியில இருக்கறது வேற நம்பர்.” நிலா கீழே நகர்த்திக் காட்டினாள். “பேரு அதேதான், சாவி வேற. பழைய நம்பர்ல அழிச்சிட்டு, புது நம்பர்ல புதுசா பதிஞ்சிருக்காங்க. அதே நம்பர்னா அதே ஆணிக்குப் போயிருக்கும். நம்பர் மாறினதால என்னோட டிக்‌ஷனரிக்கு இவரு யாருன்னு தெரியல. புது ஆளுன்னு கடைசியில ஆணி அடிச்சிருச்சு. நம்பர் மாத்தணும்னா திருத்தம்னு தனியா ஒரு வழி வெச்சிருக்கேன், அதுல ஆணி மாறாது. இவங்க அந்தப் பக்கமே போவல.”

அந்தப் புது நம்பரும் நளினிக்குத் தெரிந்ததுதான். அது அவளுடையது.

பங்குனி வெயிலில் ஒரு நாள். வாசலில் நின்று ஒரு குரல் அன்பாகச் சொன்னது அவள் காதில் திரும்பவும் கேட்டது. அப்பாவுக்குக் காது சரியா கேக்கல, மெஷின் வந்தா மெசேஜ் உங்களுக்கே வரட்டும், உங்க நம்பரே போட்டுடறேன்க்கா. நளினி நன்றி சொல்லி, மோர் கொடுத்து, நம்பரையும் கொடுத்தாள். அப்பாவை வரிசையிலிருந்து இறக்கிய கத்தியை அவள்தான் துடைத்து எடுத்துக் கையில் கொடுத்திருக்கிறாள்.

அவள் அந்தப் பெயரை வெளியே சொல்லவில்லை. துப்பறிகிறவளுக்குச் சந்தேகம் போதாது. “கிளாரன்ஸ், மத்த காலி ஆணி நம்பருக்கு அடி.”

கிளாரன்ஸ் அடித்தான். ஒரு நம்பர் மணி அடித்து ஓய்ந்தது, இன்னொன்று உபயோகத்தில் இல்லை. மூன்றாவதில் ஒரு முதிய குரல் மூச்சு வாங்கிக்கொண்டே எடுத்தது. மாரிகுப்பம் பழனியம்மா. புருஷனுக்காகப் பதிந்தவர்.

“பாட்டிம்மா, மெஷின் வரிசையில உங்க நம்பர மாத்தினீங்களா?”

“நானு எங்க மாத்தினேன். மனோகர் தம்பிதான் வூட்டுக்கே வந்து பேத்தி நம்பர வாங்கினு போச்சு. தங்கமான புள்ள. இன்னா, மெஷின் வந்துருச்சா?”

கிளாரன்ஸ் “வரும் பாட்டிம்மா” என்று மட்டும் சொல்லி வைத்தான்.

“பேர அழிக்கற உரிமை ஆபீஸ் ஆளுக்கு மட்டும்தான்” என்றாள் நிலா மெதுவாக. “யாராவது இறந்துட்டா எடுக்கணுமேன்னு குடுத்தேன்.”

“எதுக்குடா செஞ்சான்” என்றாள் நளினி. கேள்வி யாருக்கும் இல்லை. “நாலு பேர இறக்கி அவனுக்கு இன்னா லாபம்?”

கிளாரன்ஸ் திரையில் விரலை வைத்தான். “அக்கா, நான் சினிமா க்யூவுல நின்னு வளந்தவன். முன்னாடி நிக்கறவன் எல்லாம் திடீர்னு காணாமப் போனா, போனவனப் பாக்கக் கூடாது. இப்ப யாரு முன்னாடி வந்து நிக்கறான்னு பாக்கணும். காலி ஆணி எங்க முடியுது?”

நான்கு காலி ஆணிகள் முடிந்த இடத்தில், டோக்கன் மாட்டிய முதல் ஆணியில், ஒரு பெயர் இருந்தது.

முனிரத்தினம். மைசூர் மைன்ஸ்.

பக்கத்தில் இருந்த தேதிப்படி, அப்பா செத்த வாரத்தில் மெஷின் போன வீடு. மனோகரின் அப்பா.

ரயில் பங்காரப்பேட்டையில் நின்றது. நிலா லேப்டாப்பை மூடிப் பையில் போட்டாள், பெங்களூர் போகிற கூட்டத்துக்கு எதிராக நெருக்கிக்கொண்டு இவர்களோடு இறங்கினாள். “ஆபீஸ்க்கு லீவு. அந்த வாய்ஸ் மெசேஜ் போய்ச் சேர வேண்டிய அட்ரஸ நானும் பாக்கணும்” என்றாள். நளினி முன்னால் நடந்தாள்.

ஊருக்குத் திரும்பி, மைசூர் மைன்ஸ் தொழிலாளர் குடியிருப்பில் முனிரத்தினத்தின் லைன் வீட்டுக்கு அவர்கள் போய்ச் சேரும்போது வெயில் ஏறியிருந்தது. வழியெல்லாம் நளினி ஒரே ஒரு படத்தைத்தான் மனதில் ஓட்டிக்கொண்டு வந்தாள். சுவரில் ஒரு பிளக். அதை அவள் பிடுங்குகிறாள். மனோகர் பார்க்கிறான். அவ்வளவுதான், அதற்கு அப்புறம் எது வந்தாலும் வரட்டும். அந்த நினைப்பு அவளுக்கு இனிப்பாக இருந்தது, அதை அவள் தனக்குள் மறைக்கவும் இல்லை.

மெஷினின் சத்தம் வாசலிலேயே கேட்டது. சீரான, நிம்மதியான இரைச்சல். உள்ளே கட்டிலில் முனிரத்தினம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், மூக்கில் குழாய். கீழே வேலை செய்து கால் நசுங்கிய பிறகு, லேம்ப் ரூமில் டோக்கன் பலகைக்குக் காவலாக இருந்தவர் அவர்தான். அந்தப் பலகையைத் துடைக்கக்கூட வேறு ஆளை விட மாட்டாராம்.

“வாங்கக்கா” என்று மனோகர் எழுந்தான். ஆபீசுக்குப் போகச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தான். நிலாவைப் பார்த்ததும் பட்டன் போடும் கை நின்றது. “இந்தப் பொண்ண எதுக்குக் கூட்டினு வந்தீங்க?”

“வரிசையில ஒரு சந்தேகம்” என்றாள் நளினி. “எங்கப்பாவோட பழைய நம்பர நீ அழிச்சியா?”

“நானு எதுக்குக்கா அழிக்கறேன். அதான் கம்ப்யூட்டர் தப்புன்னு சொன்னேனே.”

“பழனியம்மா நம்பர?”

“அக்கா, அழிச்சிருந்தா எப்படிக்கா தெரியும்? அழிச்சா அழிஞ்சதுதான், கீழ இருக்கறது மேல வந்துரும். எவன் அழிச்சான்னு எப்படிச் சொல்லுவீங்க?”

“அழிச்சதும் கீழ இருக்கறது மேல வந்துரும்னு உனுக்கு எப்படிப்பா தெரியும்?” கிளாரன்ஸ் மிகுந்த மரியாதையோடு கேட்டான். “நாங்க அத இன்னிக்குக் காலையிலதான் கத்துக்கினோம்.”

மனோகர் சட்டையின் மிச்சப் பட்டனைப் போடப் பார்த்தான். நிலா லேப்டாப்பைத் திறந்து கட்டில் பக்கம் திருப்பினாள். “மேல வந்த மாதிரி தெரியும். ஆனா ஆணி போவாது. நம்ம ஷாஃப்ட்டு பலகை மாதிரிதான் செஞ்சேன் பெரியவரே. இந்த நாலும் காலி. அடுத்தது உங்க பேரு.”

முனிரத்தினம் கண்ணைச் சுருக்கித் திரையைப் பார்த்தார். எழுத்து அவருக்குத் தெரிந்ததோ இல்லையோ, நம்பர், வெறுமை, நம்பர், வெறுமை என்று ஓடிய அந்த வரிசையை அவர் ஒரே பார்வையில் படித்துவிட்டார். வாழ்நாளில் பாதி அதைத்தானே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மொதல் காலி யாருது?”

“பெருமாளு” என்றாள் நளினி.

பெரியவர் மகனைப் பார்த்தார். மனோகர் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

“நீ மூச்சுக்குத் திண்டாடசொல்ல நான் இன்னாப்பா பண்றது?” அவன் குரல் உடைந்தது. “உனுக்கு முன்னாடி நாலு பேரு. அதுக்குள்ள நீ போயிருப்ப. கொஞ்ச நாளு, அடுத்த மெஷின் வந்துரும், யாருக்கும் ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சேன்.”

“பெருமாளு எங்கூட ஒரே கேஜுல எறங்கினவன்.” முனிரத்தினம் ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கினார். “செத்தவன் ஆணியில என் டோக்கன மாட்டிட்டியேடா. எங்கிட்ட வளந்தவன் நீ.”

பிறகு கையை உயர்த்தி, மூக்கிலிருந்த குழாயைக் கழற்றி மடியில் வைத்தார். மனோகர் ஓடிவந்து எடுத்து மாட்டப் போனான். பெரியவர் அவன் கையைத் தட்டிவிட்டார். திரும்பவும் போனான், திரும்பவும் தட்டினார். நெஞ்சு மேலும் கீழும் போய்வர ஆரம்பித்தது, உதட்டோரம் நீலம் ஏறியது. மெஷின் யாருக்கும் இல்லாமல் இரைந்துகொண்டிருந்தது.

நளினி வழியெல்லாம் பார்த்துக்கொண்டு வந்த படம் இதுதான். பிளக்கை அவள் தொடக்கூட வேண்டியிருக்கவில்லை. மனோகர் அவள் காலடியில் உட்கார்ந்து, “போடச் சொல்லுங்கக்கா, நீங்க சொன்னா கேப்பாரு, உங்க கால்ல விழறேன்” என்று அழுதுகொண்டிருந்தான். நன்றாக இருந்தது. ஒரு கணம், ஒரே கணம், வயிறு குளிர்ந்தது. அடுத்த கணம் அந்த நெஞ்சுக்கூடு ஏறி இறங்குவதைப் பார்த்தாள். அவளுக்கு அது மனப்பாடம். அவள் வீட்டுக் கட்டிலில் இரவும் பகலும் பார்த்தது.

அவள் போய்க் குழாயை எடுத்தாள். பெரியவர் முகத்தைத் திருப்பினார்.

“பாவம் பாத்துப் போடறேன்னு நெனைக்காதீங்க பெரிப்பா” என்றாள் நளினி. “நீங்க போயிட்டா இவன் நாலு நாள் அழுவான், காரியம் பண்ணுவான், அப்புறம் மறந்துருவான். நான் அத விடமாட்டேன். நீங்க இருக்கணும். நீங்க இழுக்கற ஒவ்வொரு மூச்சும் யாருதுன்னு தெனம் காலையில இவன் பாத்துனே இருக்கணும். எனக்காவ இருங்க.”

முனிரத்தினம் அவள் பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு தலையைக் கொஞ்சம் குனிந்து கொடுத்தார். நளினி குழாயை அவர் மூக்கில் பொருத்தி, இரண்டு காதுக்கும் பின்னால் சரிசெய்தாள். மனோகர் கையை நீட்டிக்கொண்டே நின்றான், யாரும் அதைத் தொடவில்லை.

“இங்க பேசினது எல்லாம் ரெக்கார்ட் ஆகியிருக்குது” என்றான் கிளாரன்ஸ். அதில் விளையாட்டு எதுவும் இல்லை.

“சாயந்தரத்துக்குள்ள டிரஸ்ட்டுக்கு ஆணியோட அனுப்பறேன்” என்றாள் நிலா. “மீதி மூணு பேரும் அவங்கவங்க ஆணிக்குத் திரும்பிருவாங்க. உங்கப்பாவோடது...”

“காலியாவே இருக்கட்டும்” என்றாள் நளினி. மனோகரிடம் திரும்பினாள். “இந்த மெஷின இங்கருந்து எடுக்கக் கூடாதுன்னு நானே போயிச் சொல்லுவேன். வேலை போவுதோ, போலீஸ் வருதோ, அது உன் பாடு. ஆனா அடுத்த மெஷின் வந்தா நீதான் தலையில தூக்கினு பழனியம்மா வூட்டுக்குப் போற. இன்னாத்துக்கு லேட்டாச்சுன்னு அந்தம்மா கேக்கும். உன் வாயாலயே சொல்லணும். நான் வாசல்ல நின்னு கேப்பேன்.”

மனோகர் தலையாட்டினான். பிறகு கட்டில் பக்கம் போய், “அப்பா” என்றான்.

முனிரத்தினம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மூவரும் வெளியே வந்தார்கள். வாசல் படி இறங்கும்போது நளினி நிலாவின் கையைப் பிடித்து, “உங்கப்பாகிட்ட நானே வந்து பேசறேன்” என்றாள். நிலா கையை உடனே எடுத்துக்கொள்ளவில்லை.

“ஆட்டோ புடிக்கட்டுமாக்கா?” என்று கேட்டான் கிளாரன்ஸ்.

“நடந்தே போலாம்.”

உள்ளே மெஷின் இரைந்துகொண்டிருந்தது. அதற்கு நடுவே மனோகர் திரும்பவும் “அப்பா” என்று கூப்பிட்டான். கொஞ்சம் சத்தமாக இன்னொரு முறை கூப்பிட்டான். லைன் வீடுகளின் முனை வரைக்கும் அந்தக் குரல் வந்தது. அதைக் கேட்பதற்காகவே நளினி மெதுவாக நடந்தாள்.